எந்த மரம், எந்த மண், எவர் பொறுப்பு

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றில், ஒரு பிற்பகலுக்குள் பல்லாயிரம் மரங்கள் சாய்ந்தன. தெருக்களை அடைத்துக் கிடந்தவற்றில் மயிற்கொன்றை, பெருங்கொன்றை, தூங்குமூஞ்சி ஆகியவை மிகுதி. மயிற்கொன்றை மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘நம் மரங்களை நட்டிருந்தால் நின்றிருக்கும்’ என்ற பேச்சு அன்று மாலையே தொடங்கிவிட்டது. அந்த ஒரு வாக்கியத்தை நம்பி அதன்பின் எத்தனையோ இளைஞர்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாகத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் இறங்கியது நகரத்துக்குக் கிடைத்த நன்மை. ஆனால் அவர்கள் நம்பிய காரணம் பாதிதான் உண்மை.

வேம்பும் புங்கமும் பூவரசும்கூட அந்தப் புயலில் விழுந்தன. விழுந்த மரங்களின் அடியைப் பார்த்தவர்களுக்கு வேறொரு காரணம் தெரிந்தது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் இரண்டு மூன்று அடிக்குள், கிளைப்பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுவது. சென்னைத் தெருமரத்துக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. ஒரு பக்கம் மழைநீர் வடிகால், மறுபக்கம் கேபிள் பள்ளம், அடிமரம் வரை சிமென்ட் அல்லது பேவர் பிளாக். மேலே மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளையை மட்டும் ஆண்டுதோறும் வெட்டுவதால், பாரம் முழுவதும் தெருப்பக்கமே சாய்கிறது. இப்படி நிற்கும் மரம் எந்த நாட்டதாக இருந்தாலும் பெருங்காற்றில் விழும். வேருக்கு வேண்டிய மண்ணெல்லாம் இருந்த அடையாறு பிரம்மஞான சபையின் பெரிய ஆலமரமே 1989 புயலில் தன் மூல அடிமரத்தை இழந்தது. விழுதுகள்தாம் இன்றும் அதைத் தாங்குகின்றன.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் விரித்துக் கேட்க வேண்டும். நாட்டு மரம் என்பதால் மட்டும் நகரத்துக்கு என்ன கிடைக்கிறது? அதைத் தன்னார்வலர் நடுவதால் என்ன கிடைக்கிறது? எந்த இடத்தில் இந்த இரண்டும் பலிக்கும், எந்த இடத்தில் வீணாகும்?

சென்னையின் சொந்தக் காட்டிலிருந்து தொடங்கலாம். இந்தியக் காடுகளை வகைப்படுத்திய சாம்பியனும் சேத்தும் 1968-ல் தனி வகையாகக் குறித்த வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு, ஆந்திரக் கடற்கரை முதல் ராமநாதபுரம் வரை ஒரு குறுகிய கரையோரப் பட்டையாக இருந்தது. மழை சில மாதங்களே பெய்யும், வெயில் நெடுநாள் காயும். ஆனாலும் இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான, இறுகிய காடு அது. பாலை, வீரை, கருங்காலி, காசான், நெக்கொட்டான், காட்டு எலுமிச்சை என்று அதன் மரங்கள் பெரும்பாலும் சிறிய தடித்த இலையும் கெட்டியான கட்டையும் கொண்டவை, மெல்ல வளர்பவை. கடல் கடந்தால் இலங்கையின் வன்னிக் காட்டிலும் இதே பாலையும் வீரையும்தான். அங்கே பாலைப்பழமும் வீரைப்பழமும் பருவத்தில் சந்தைக்கு வருகின்றன. சென்னையில் பிறந்து வளர்ந்த பலருக்கோ அந்தப் பழங்களின் பெயரே புதிது. நம் பக்கம் அந்தக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது: கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய ஐஐடி வளாகத்திலும் கொஞ்சம், நன்மங்கலத்திலும் வண்டலூரிலும் கொஞ்சம், புதுச்சேரிக்கு அருகே புத்துப்பட்டு போன்ற கோயில் காடுகளில் கொஞ்சம். ஐயனாருக்கு அஞ்சி யாரும் கிளை ஒடிக்காததால் பிழைத்த மரங்கள் அவை.

சென்னை முழுவதும் இந்த ஒரே காடு இருந்ததென்றும் சொல்ல முடியாது. கடலோர மணலில் புன்னையும் பன்னீர் மரமும், ஏரிக்கரையில் நீர்மருதும் செங்கடம்பும் மாவிலங்கமும், காய்ந்த மேட்டில் உசிலையும் வன்னியும் என்று மண்ணுக்கு மண் மரம் மாறியது. மயிலாப்பூர் கபாலீசுவரருக்குப் புன்னை, திருவான்மியூர் மருந்தீசருக்கு வன்னி, புரசைவாக்கம் கங்காதீசுவரருக்குப் புரசு என்று தலமரங்கள் அமைந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தந்த இடத்து மண்ணை அறிந்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

நாட்டு மரம் ஏன் வேண்டும் என்பதற்கு வலுவான சான்று புழுவிடமிருந்து வருகிறது. இலை தின்னும் பூச்சிகளில் பெரும்பாலானவை குறிப்பிட்ட செடி குடும்பங்களை மட்டுமே உண்ணப் பழகியவை. சரக்கொன்றை இல்லாத தெருவில் கொன்னை வெள்ளையன் பட்டாம்பூச்சிக்கு முட்டையிட இடம் குறைவு. மாவிலங்கத்தின் இலையை நம்பி வாழும் பட்டாம்பூச்சிகள் உண்டு. உசிலையை நம்பியவையும் உண்டு. புழு இல்லையென்றால் குஞ்சுக்கு இரை இல்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் நகரைச் சுற்றிய வீட்டுத் தோட்டங்களில் டெசிரே நராங்கோவும் டக் டாலமியும் உடனிருந்தவர்களும் சிக்கடி என்னும் சின்னஞ்சிறு பறவையை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். தோட்டத்தின் செடிகொடிகளில் 70 விழுக்காட்டுக்குக் கீழே உள்நாட்டுத் தாவரம் இருந்தால், அந்தப் பறவைகள் தம் எண்ணிக்கையைத் தக்கவைக்கும் அளவுக்குக் குஞ்சு பொரிக்கவில்லை. பச்சையாகத் தெரியும் தோட்டம் பறவைக்குப் பட்டினிக் காடாக இருக்க முடியும் என்பதை அந்த ஆய்வு எண்ணிக்கையோடு காட்டியது. சென்னையின் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் இதே எல்லைதான் என்று சொல்ல முடியாது. ஆனால் குஞ்சுக்குப் புழு ஊட்டும் பறவை எந்த ஊரில் இருந்தாலும், இலையில் புழு இருக்கிறதா என்பதே அதன் கேள்வி.

மறுபக்க வாதத்தையும் கேட்க வேண்டும். மார்க் டேவிஸ் உள்ளிட்ட 19 சூழலியலாளர்கள் 2011-ல் ‘நேச்சர்’ இதழில், ஓர் உயிரினம் எங்கிருந்து வந்தது என்பதைவிட அது இப்போது என்ன செய்கிறது என்பதையே பார்க்க வேண்டும் என்று எழுதினார்கள். நம் புளியமரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நெடுஞ்சாலைகளில் நின்று தலைமுறைகளுக்கு நிழலும் குழம்புக்குப் புளியும் தந்த அதை அன்னியம் என்று வெட்டச் சொல்பவர் யார்? தூங்குமூஞ்சியின் உச்சியில் கொக்கும் நாரையும் கூடு கட்டுகின்றன. இன்னொரு முனையில் சீமைக்கருவேலம் இருக்கிறது: 1870-களில் வறட்சிக்கு விறகாகட்டும் என்று கொண்டுவரப்பட்டு, இன்று ஏரிகளையும் கண்மாய்களையும் அடைத்து நிற்கிறது. பெருங்கொன்றைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் ஒரே தீர்ப்பு எழுதுவது நியாயமாகாது. நிற்கும் வெளிநாட்டு மரத்தை, அது பரவித் தொல்லை தராதவரை, வாழ்நாள் முடியும்வரை காக்க வேண்டும். புதிதாகத் தோண்டும் ஒவ்வொரு குழியிலும் அந்த மண்ணுக்குரிய மரத்தை வைக்க வேண்டும். இந்த விஷயத்தில் என் நிலை இதுதான்.

இனித் தன்னார்வலர்களைப் பற்றி. நடிகர் விவேக், அப்துல் கலாமின் தூண்டுதலில் தொடங்கிய ‘கிரீன் கலாம்’ இயக்கத்தின் இலக்கு ஒரு கோடி கன்று. 2021 ஏப்ரல் 17-ல் அவர் மறைந்தபோது 33 லட்சத்துக்கும் மேல் நடப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். அவர் மறைந்த மறுநாளே ஊர் ஊராக மக்கள் அவர் பெயரில் கன்று நட்டார்கள். மரம் நடுவதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளின் மனத்தில் பதித்தவர் அவர். அந்தக் கடன் பெரியது. ஆனால் அந்தக் காலத்திலிருந்தே நம்மிடம் எண்ணிக்கைப் பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரே நாளில் பத்தாயிரம், ஒரே மணி நேரத்தில் ஒரு லட்சம் என்று பதாகை கட்டுகிறோம். மூன்றாண்டு கழித்து எத்தனை நிற்கின்றன என்று பதாகை கட்டியவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

அதை எண்ணிப் பார்த்த நகரம் நியூயார்க். அங்கே 1999 முதல் 2003 வரை நடப்பட்ட தெருமரங்களில் 13,405-ஐச் சில ஆண்டுகள் கழித்துத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். 74.3 விழுக்காடு உயிரோடு இருந்தன. யாரோ ஒருவர் அடிமண்ணைக் கிளறிவிட்டு, பூச்செடி வைத்து, மூடாக்குப் போட்டுப் பராமரித்த அடையாளம் இருந்த மரங்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. மாநகராட்சியின் பணத்தையும் ஒப்பந்தக்காரரின் திறமையையும் தாண்டி, தெருவில் குடியிருக்கும் ஒருவரின் கவனிப்பு உயிர்பிழைப்பைக் கூட்டுகிறது என்பதற்கு இது கையில் பிடிக்கக்கூடிய சான்று. தன்னார்வலர் நகரத்துக்குத் தரக்கூடிய மிகப் பெரிய கொடை இந்தக் கவனிப்புதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். குழி தோண்டுவதை இயந்திரம் செய்யும். ஆறு ஆண்டு ஒரே தெருவில் ஒரே மரத்தைப் பார்த்துக்கொள்வதை எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.

கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையை ஒட்டிப் பொதுப்பணித் துறையின் நிலம் ஒன்று குப்பைமேடாகக் கிடந்தது. 2006-ல் ‘நிழல்’ அமைப்பினர் துறையின் இசைவோடு அங்கே நாட்டு மரங்களை நடத் தொடங்கினார்கள். ஞாயிறு காலைகளில் அக்கம்பக்கத்தார், கல்லூரி மாணவர்கள், ஓய்வுபெற்றவர்கள் வந்து களை எடுத்தார்கள், தண்ணீர் ஊற்றினார்கள், சருகைக் குவித்து உரமாக்கினார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரம் மூழ்கியது. அடுத்த டிசம்பரில் வர்தா வந்தது. அதற்குப் பிறகும் அந்த மரப்பூங்கா இருக்கிறது, ஞாயிறு வேலையும் தொடர்கிறது. இதே அமைப்பு தொடக்கம் முதல் நடத்திவரும் மர நடைகளில், தெருவில் நிற்கும் மரத்தின் பெயரை மக்கள் கற்றுக்கொள்கிறார்கள். பெயர் தெரிந்த மரத்தை வெட்ட வரும்போது கேள்வி கேட்கும் ஆள் உருவாகிறார். இது நடுவதைவிடச் சிறிய வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

கோட்டூர்புரத்துக்கு முன்னோடி ஆரோவில். 1968-ல் அங்கே குடியேறியவர்களுக்குக் கிடைத்தது மழையில் அரித்து வெடித்த செம்மண் மேடு. வரப்பு கட்டி மழைநீரைத் தேக்கினார்கள். விரைவாக வளரும் வெளிநாட்டு மரங்களை முதலில் வைத்தார்கள். அவற்றின் நிழலில் பிறகு பாலையையும் வீரையையும் கொண்டுவந்தார்கள். ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் காட்டில் கற்ற அந்தப் பாடம் அடையாறு முகத்துவாரத்தை மீட்க உதவியது. 2011 ஜனவரியில் திறக்கப்பட்ட தொல்காப்பியப் பூங்காவின் 58 ஏக்கர் அப்படி உருவானது. வெளிநாட்டு மரத்தைத் தாதியாக வைத்து நாட்டு மரத்தை வளர்த்த அந்த நிதானம் இன்றைய இயக்கங்களில் குறைவு.

காலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சென்னையில் கன்று நடும் விழாக்கள் குவியும் காலங்கள் இரண்டு: ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாள், ஜூலை முதல் வாரம், 1950-ல் அன்றைய மத்திய அமைச்சர் கே.எம்.முன்ஷி தொடங்கிய வன மகோத்சவம். தென்மேற்குப் பருவமழையில் நனையும் ஊர்களுக்கு இரண்டும் பொருந்தும். சென்னைக்கோ ஆண்டு மழை சுமார் 1,400 மில்லிமீட்டரில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூன் தொடக்கத்தில் அக்னி நட்சத்திரம் முடிந்தும் வெயில் 40 டிகிரியைத் தொடும். அந்த மண்ணில் பாலிதீன் பையிலிருந்து எடுத்த கன்றை வைப்பது அதைச் சாகடிப்பதற்குச் சமம். ஆவணி, புரட்டாசியில் மாலை இடிமழை தொடங்கியதும் குழி எடுத்து, எருவும் செம்மண்ணும் கலந்து ஆறவிட்டு, ஐப்பசி மழைக்கு முன் நட்டால் கன்றுக்கு மூன்று மாத ஈரம் கிடைக்கும். அதற்குள் வேர் பிடித்துவிடும். விழாவை நான்கு மாதம் தள்ளிப்போடுவதற்குப் பணம் தேவையில்லை.

மழைக்குப் பின் வரும் இரண்டு கோடைகள்தாம் தேர்வு. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கும் தெருவில் மரத்துக்குத் தண்ணீர் கேட்பது எளிதல்ல. அந்தக் காலங்களில்தான் உலர் காட்டு மரங்களின் அருமை தெரியும்: வேர் பிடித்தபின் அவை குறைந்த நீரில் தாக்குப்பிடிக்கும். பாத்திரம் கழுவிய நீர், ஏசியில் வடியும் நீர் என்று வீட்டில் வீணாவதை வாரம் இருமுறை ஊற்றினாலும் போதுமானதாக இருக்கும். கன்றைக் காக்கும் இரும்புக் கூண்டும் ஒரு கட்டத்தில் எமனாகிறது. அடிமரம் தடித்து, கம்பி பட்டைக்குள் புதைந்து நிற்கும் மரங்கள் நகரமெங்கும் உண்டு. கூண்டு வைத்தவர் பெயர் அதில் பெயின்டில் இருக்கும். அதைக் கழற்ற வேண்டியவர் யார் என்று மட்டும் எங்கும் எழுதியிருக்காது.

நாட்டு மர இயக்கத்தின் மெலிந்த கண்ணி நாற்றுப்பண்ணை. ‘நாட்டுக் கன்று வேண்டும்’ என்று கேட்டால் புங்கம், வேம்பு, நாவல், நீர்மருது கிடைக்கும். கூடவே மகாகனியையும் தந்து அனுப்புவார்கள், அது அமெரிக்காவிலிருந்து வந்தது. பாலையும் வீரையும் நெக்கொட்டானும் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பதே பதில். காரணம் எளிது. இவற்றின் பழம் சதைப்பற்றானது. குயிலும் சின்னானும் குக்குறுவானும் இரவில் மரநாயும் தின்று பரப்பும் விதைகள் இவை. பலவற்றை மூட்டை கட்டி ஓராண்டு வைத்துவிட முடியாது; பழுக்கும் வாரத்தில் பொறுக்கி, சதையைக் கழுவி, உடனே மண்ணில் இட வேண்டும். முளைத்தாலும் முழ உயரம் வர ஓராண்டுக்கு மேல் ஆகலாம். கன்றுக்கு இவ்வளவு என்று விற்கும் பண்ணைக்கு இது கட்டுப்படியாகாது. ஆனால் இதே பாலையைச் சப்போட்டா பண்ணைகளுக்கு வேர்ச்செடியாக வளர்க்கிறார்கள். பாலைக் கன்றில் சப்போட்டாவை ஒட்டுக் கட்டுவது தோட்டக்கலையில் பழைய வழக்கம். வாங்க ஆள் இருந்தால் பாலை வளர்க்கவும் ஆள் வருவார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டாம். ஐந்தாண்டுக்கு இத்தனை பாலை, இத்தனை வீரை வாங்குவேன் என்று மாநகராட்சி முன்கூட்டியே எழுதிக்கொடுத்தால் பண்ணைகள் விதை தேடிப் போகும்.

அதுவரை இந்த வேலை தன்னார்வலர் கையில். நகரில் மிஞ்சிய தாய்மரங்கள் எங்கே, எது எந்த மாதம் பழுக்கும் என்று அறிந்தவர்கள் சிலரே. ஒரே மரத்தின் விதையிலிருந்து ஆயிரம் கன்று எடுத்தால் ஆயிரமும் ஒரு தாய் பிள்ளைகள். ஒரு நோய்க்கு எல்லாம் சேர்ந்து வீழலாம். பல தாய்மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். தேசியப் பூங்காவுக்குள் அனுமதியின்றி ஒரு விதையும் எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. கோயில் காடுகளும் பழைய வளாகங்களும் குளக்கரைகளும்தான் வாசல்.

மியாவாக்கி முறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஜப்பானின் அகிரா மியாவாக்கி (1928–2021) 1970-களில் எஃகு ஆலைகளைச் சுற்றி வளர்த்த நெருக்கக் காடுகளின் உயிர்நாடி, அந்த இடத்தின் இயற்கைக் காட்டை ஆராய்ந்து அதன் மரங்களை மட்டும் நடுவது. சதுர மீட்டருக்கு மூன்று கன்றுக்கும் மேல் என்பது அதன் ஓர் அங்கம். நம்மிடம் நெருக்கம் வந்து சேர்ந்தது, ஆராய்ச்சி பின்தங்கியது. சென்னை மாநகராட்சி 2020-ல் கோட்டூர்புரத்தில் தொடங்கியபின் பல வார்டுகளில் இத்தகைய காடுகள் வந்தன. பறிபோகவிருந்த புறம்போக்கைக் காக்கவும் குப்பையை நிறுத்தவும் அவை உதவுகின்றன என்பதை மனமாரச் சொல்வேன். நீண்ட கோடையுள்ள ஊரில் இரண்டு மூன்று ஆண்டு விடாமல் நீர் பாய்ச்ச வேண்டியிருப்பதும், வெளிச்சத்துக்கு முட்டிமோதிக் கம்பு கம்பாக வளரும் மரங்கள் நடப்போர்க்கு நிழல் தராததும் அவற்றின் விலை. தெருவுக்கு வேண்டிய மரத்தை அவை ஈடு செய்யா.

எங்கே நடக்கூடாது என்ற கேள்வியைப் பெரும்பாலான இயக்கங்கள் கேட்பதே இல்லை. பள்ளிக்கரணை 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற சதுப்புநிலம். அதன் கோரையும் திறந்த நீரும்தான் வாத்துகளுக்கும் பூநாரைகளுக்கும் வேண்டும்; அங்கே கரையைத் தாண்டி மரம் வைப்பது உதவியாகாது. கிண்டியில் வெளிமான்களுக்குத் திறந்த புல்வெளி தேவை. புதரும் மரமும் அதை மூடினால் அவற்றுக்கு மேயவும் ஓடவும் இடமில்லை. வெற்று நிலம் என்று நாம் பார்ப்பது பல உயிர்களுக்கு நிறைந்த நிலம்.

நட வேண்டிய இடமோ நடுவதற்குக் கடினமான இடம். இந்திய வன அளவைத் துறையின் 2021 அறிக்கைப்படி சென்னையின் வனப்பரப்பு 22.70 சதுர கிலோமீட்டர், மொத்தப் பரப்பில் 5.28 விழுக்காடு. அதே அறிக்கையில் மும்பைக்கு 25 விழுக்காட்டுக்கு மேல். செயற்கைக்கோள் ஒரு எக்டேருக்கு மேல் 10 விழுக்காடு விதானம் இருந்தால் காடு என்று எடுத்துக்கொள்கிறது. அது பாலையா, சீமைக்கருவேலமா என்று பிரிப்பதில்லை. தெருவில் ஒற்றையாக நிற்கும் வேம்பு அந்தக் கணக்கில் வராது. ஆனால் வெயிலில் நடந்து வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த ஒற்றை வேம்புதான் காடு. அமெரிக்காவின் மேடிசன் நகரில் கார்லி ஸிட்டரும் உடனிருந்தவர்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தெருத்தொகுதியின் மேல் விதானம் 40 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் பகல் வெப்பம் வேகமாகக் குறைவதைக் கண்டார்கள். அங்கொன்று இங்கொன்றாகத் தூவுவதைவிடத் தெரு தெருவாக நிறைப்பது நல்லது என்பது அதன் பொருள். அந்த நிறைவு தென்சென்னையின் சில பகுதிகளில் உண்டு. வண்ணாரப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் வீட்டு வாசலே தெருவின் எல்லை. நடைபாதை என்று ஒன்று இல்லை. அங்கே ஆலும் மருதும் வைக்க முடியாது. நுணா, பன்னீர், மாவிலங்கம், காசான் போன்ற சிறு மரங்களும், பள்ளி மைதானம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் முற்றம், ரயில் பாதையோரம் போன்ற இடங்களும்தான் வழி. இயக்கங்கள் பலவும் இருக்கும் இடத்திலேயே மீண்டும் மீண்டும் நடுவதை நிறுத்திவிட்டு வடக்கே போக வேண்டும். அங்குள்ளவர்களைக் கேட்டு, அவர்கள் விரும்பும் மரத்தை அவர்கள் கையால் நட வேண்டும்.

நாட்டு மரமானாலும் ஒன்றையே வரிசையாக வைப்பது ஆபத்து. ஓர் இனம் 10 விழுக்காடு, ஒரு பேரினம் 20, ஒரு குடும்பம் 30 என்பதைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்காவின் ஃபிராங்க் சாந்தமூர் 1990-ல் ஒரு விதி சொன்னார். 2002-ல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட ஒரு மரகத நிற வண்டு, அங்கே தெருவெல்லாம் வரிசையாக நின்ற ஆஷ் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றபோது அதன் நியாயம் புரிந்தது. அந்த மரங்களும் அம்மண்ணுக்கு உரியவையே. அண்மை ஆண்டுகளில் தெலங்கானாவில் வேம்புகள் நுனியிலிருந்து கருகியதை நம் புங்க வரிசைகளுக்கான எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

நின்றுகொண்டிருக்கும் மரத்தின் விஷயம் மிச்சமிருக்கிறது. நாற்பது ஆண்டு வேம்பு தரும் நிழலை நூறு புதுக்கன்றுகள் இன்னும் பல ஆண்டுகளுக்குத் தரமாட்டா. மகாராஷ்டிரத்தில் 1975-லும் கர்நாடகத்தில் 1976-லும் டெல்லியில் 1994-லும் மரங்களுக்கெனச் சட்டங்கள் வந்தன. தமிழ்நாட்டுச் சமவெளி நகரங்களில் அரசின் பசுமைக் குழுக்களின் அனுமதிதான் காவல். அதுவும் வெட்டுவதற்கு மட்டும். வடிகாலுக்காக வேரை அறுப்பது எந்த அனுமதியும் கேட்பதில்லை. டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் சிமென்ட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. சென்னையின் ஒவ்வொரு வடிகால், கேபிள் ஒப்பந்தத்திலும் அந்த ஒரு மீட்டர் எழுதப்பட வேண்டும், மீறினால் அபராதமும் எழுதப்பட வேண்டும். அளந்து பார்க்க மர நடைகளில் பயின்றவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். பொறியாளர் குழி தோண்டும் தேதியை அவர்களுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.